ஸ்டேப்ளர் அடிச்சு திரும்பி வந்த புத்தகம்

போன மாசம் எங்க வாசிப்பு கூட்டத்துல பெரிய சண்டை. சண்டைன்னா கைகலப்பு எல்லாம் இல்ல, ஆனா பேங்க் சார் பாதி பேச்சுல எழுந்து போய் பார்க்கை ஒரு ரவுண்டு சுத்திட்டு மூஞ்ச துடைச்சுக்கிட்டே திரும்பி வந்து உக்காந்தாரு, மூணு வருஷத்துல அவரு அப்படி பண்ணி நான் பார்த்ததே இல்ல.

நாங்க ஏழெட்டு பேரு. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு தி.நகர் நடேசன் பார்க்ல கூடுவோம், அந்தப் பக்கம் யோகா கோஷ்டி ஹா ஹான்னு சிரிச்சிட்டு இருக்கும், இந்தப் பக்கம் நாங்க ஒரு நாவல வெச்சு மல்லுக்கட்டிட்டு இருப்போம். ரிட்டயர்ட் ஆன பேங்க் சார், ஸ்கூல்ல ஆறாங்கிளாஸ் எடுக்கற டீச்சரக்கா, ஓ.எம்.ஆர்ல டெஸ்டிங் வேலை பாக்கற தம்பி, இவங்க மூணு பேரும் எப்பவும் வருவாங்க, மத்தவங்க வந்தா வந்தாங்க. நான் பெருங்குடியில ஒரு இன்சூரன்ஸ் பேக் ஆபீஸ்ல கிளெய்ம் பாக்கறவன்.

இந்த தடவ புத்தகம் செலக்ட் பண்ணது நான்தான். அதனால மொத்த தப்பும் என் மேலதான்னு முதல்லயே சொல்லிடறேன். பாரதி சாலையில, எங்களுக்கு இன்னும் அது பைகிராப்ட்ஸ் ரோடுதான், பிளாட்பாரத்துல 150 சொன்னத 120க்கு பேசி வாங்கின அமெரிக்கன் சைக்கோ. பிரெட் ஈஸ்டன் எல்லிஸ் எழுதி 1991ல வந்தது. என் காப்பிய எனக்கு முன்னாடி வெச்சிருந்த யாரோ ஒரு புண்ணியவான் பென்சில்ல தெரியாத வார்த்தைக்கெல்லாம் கோடு போட்டு பக்கத்துல அர்த்தம் எழுதிருந்தாரு, நாப்பது பக்கம் வரைக்கும் ஒழுங்கா போகுது, அப்புறம் பென்சில காணோம். நாப்பது பக்கத்துல எல்லாம் ஒரு கொலையும் கிடையாது, வெறும் டிரஸ்ஸும் ஓட்டலும் சோப்பும்தான். அதாவது அந்த மனுஷன் ரத்தம் பாத்து ஓடல, போர் அடிச்சு ஓடிருக்காரு.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. பேட்ரிக் பேட்மேன்னு ஒருத்தன், 26 வயசு, நியூயார்க் வால் ஸ்ட்ரீட்ல காசு கொழிக்கற கம்பெனில வேலை, 1980கள் கடைசி. பேங்க் சார் கடைசி வரைக்கும் அவன பேட்ஸ்மேன் பேட்ஸ்மேன்னுதான் சொன்னாரு. யாரு ரூம்குள்ள நுழைஞ்சாலும் அவங்க என்ன சூட்டு, என்ன டை, என்ன ஷூ, எந்த கம்பெனின்னு ஒரு லிஸ்ட் போடுவான். எந்த ரெஸ்டாரன்ட்ல டேபிள் கிடைக்கும் கிடைக்காதுங்கறதுதான் அவனுக்கு உயிர் பிரச்சனை. ராத்திரியில ஆளுங்கள கொல்றான். அதையும் சூட்டு லிஸ்ட் சொல்ற அதே குரல்ல, அதே சுருதியில சொல்றான். கொல்றானா இல்ல கொல்றதா நெனச்சுக்கறானாங்கறது நாவல் முழுக்க வழுக்கிக்கிட்டே போகும். புரியாத வார்த்தையா இருந்தாலும் பரவால்லன்னு சொல்லிடறேன், நம்பமுடியாத கதைசொல்லின்னு இலக்கியக்காரங்க சொல்ற வகை, அதாவது கதைய சொல்றவன் சொல்றத அப்படியே நம்ப முடியாது.

அன்னிக்கு முதல்ல பேசினது பேங்க் சார். "இது நாவலாய்யா, ஜவுளிக்கடை கேட்லாக்"னு ஆரம்பிச்சாரு. அவரு சொன்னதுல பாதி நியாயம். ஆனா எனக்கு அந்த விசிட்டிங் கார்டு சீன் பிடிக்கும். நாலு ஆம்பளைங்க டேபிள்ல உக்காந்து ஒருத்தன் கார்ட ஒருத்தன் பாத்து, அந்த பேப்பரோட கனம், அந்த எழுத்தோட தினுசு, எல்லாத்தையும் பாத்து நம்மாளுக்கு வயிறு எரிஞ்சு தலை சுத்துது. இத படிக்கும்போது எனக்கு என் பெரியப்பா ஞாபகம்தான். எங்க அக்கா கல்யாணத்துக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல பத்திரிகை பாக்க போனோம், பெரியப்பா ஒவ்வொரு பத்திரிகையையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு தேச்சு பாத்து "இது 300 ஜிஎஸ்எம் இருக்குமா"ன்னு கேட்டாரு, கடைக்காரர் ஆமாங்கறாரு, உடனே பெரியப்பா "சம்பந்தி அவங்க மூத்த பையனுக்கு அடிச்சது இத விட கனமா இருந்துச்சே"ன்னு மூஞ்சி தொங்கிப் போச்சு. புள்ளையாருக்கு வெள்ளி கலர் எம்பாஸ் வேணுமா தங்க கலரான்னு அரை மணி நேரம். அக்கா பக்கத்துல நிக்கறா, அவளுக்கு தாகமா இருக்கு, யாரும் கேக்கல. இதத்தான் எல்லிஸ் எழுதிருக்காரு, கொலைய கழிச்சுட்டு பாத்தா இது நம்ம வீட்டு கதைன்னு நான் சொன்னேன். பேங்க் சார் சிரிச்சிட்டாரு. அங்க வரைக்கும் எல்லாம் சுமுகம்.

அப்புறம்தான் தம்பி ஆரம்பிச்சான். அவன் கட்சி என்னன்னா பேட்மேன் ஒரு கொலையும் பண்ணல, மொத்தமும் மண்டைக்குள்ள நடக்கறது. ஆதாரமெல்லாம் போன்ல நோட்ஸ் போட்டு வெச்சிருந்தான், டெஸ்டிங்காரன் இல்லையா, பக் லிஸ்ட் மாதிரி. ஏ.டி.எம். மெஷின் அவன்கிட்ட பேசுது, பச்சை எழுத்துல 'எனக்கு ஒரு தெருப்பூனை போடு'ங்கற மாதிரி மெசேஜ் வருது. டெய்லி பாக்கற டிவி ஷோல ஒரு நாள் காலை டிபனுக்கு பால்ல போட்டு சாப்பிடற சீரியல்ல ஒரே ஒரு துண்ட சின்ன சேர்ல உக்கார வெச்சு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேட்டி எடுக்கறாங்க. இதையெல்லாம் நெசம்னு நம்பறவன் சொல்ற கொலைய மட்டும் எப்படிண்ணா நம்பறதுன்னு கேட்டான். கடைசியில வக்கீலோட ஆன்சரிங் மெஷின்ல எல்லா கொலையையும் ஒப்புக்கறான், அப்புறம் நேர்ல போய் கேட்டா, வக்கீல் இவன யாரோ டேவிஸ்னு நெனச்சுக்கிட்டு, நல்ல ஜோக்குப்பா, நீ கொன்னேன்னு சொன்ன பால் ஓவன் கூட பத்து நாள் முன்னாடிதான் லண்டன்ல ரெண்டு தடவ டின்னர் சாப்ட்டேனேங்கறான்.

நான் மறுபக்கம். லண்டன்ல சாப்ட்டது பால் ஓவன் கூடத்தான்னு யாருக்கு தெரியும்? அந்த நாவல்ல ஒருத்தன் பேரும் இன்னொருத்தனுக்கு ஒழுங்கா தெரியாது, எல்லாரும் ஒரே மாதிரி தலைய வாரி ஒரே மாதிரி கண்ணாடி போட்டவங்க, எதிர்ல நிக்கற பேட்மேனையே டேவிஸ்னு நெனச்ச வக்கீல் எதிர்ல உக்காந்தவன் ஓவன்னு எப்படி அடிச்சு சொல்றான்? அப்புறம் அந்த டாக்ஸி டிரைவர். நீதான் என் பிரெண்ட கொன்னவன்னு சொல்லி வண்டிய ஓரங்கட்டி வாட்சையும் கூலிங் கிளாஸையும் புடுங்கிக்கறான். பால் ஓவன் பிளாட்டுக்கு திரும்பிப் போனா சுத்தமா கழுவி விட்ட வீடு, எங்க பாத்தாலும் பூவு, வீடு விக்கற அம்மா இவன உத்துப் பாத்துட்டு போயிடுங்க, திரும்ப வராதீங்கன்னு மட்டும் சொல்றா. போலீஸ் கூப்பிட்டா வீட்டு விலை இறங்கிடும். எனக்கு இந்த சீன் மத்த எல்லாத்தையும் விட பயம்.

டிரை கிளீனிங் சீனும் அப்படித்தான். கறை பட்ட பெட்ஷீட்ட கொண்டு போய் குடுத்துட்டு சரியா வெளுக்கலன்னு கடைக்காரங்ககிட்ட கத்தறான். நம்ம ஊர்ல இத நெனச்சுப் பாருங்க, எங்க தெரு இஸ்திரி வண்டி அக்காகிட்ட அப்படி ஒரு துணிய குடுத்தா சாயங்காலம் காபி போடறதுக்குள்ள சைதாப்பேட்டை பூரா தெரிஞ்சிருக்கும். போன வருஷம் என் சட்டையில பீட்ரூட் கறை இருந்ததுக்கே "என்ன சார் அடிதடியா"ன்னு கேட்டாங்க. ஆனா இதையும் சொல்லணும், என் ஆபீஸ்ல பக்கத்து பிளாக்ல புது கேட்டட் அபார்ட்மென்ட்ல இருக்கறவருக்கு எதிர் வீட்டுக்காரர் பேரு தெரியாது, டெலிவரி பையன் கேட்டா பிளாட் நம்பர்தான் சொல்லுவாரு.

இந்த இடத்துல டீச்சரக்கா ஒண்ணு சொன்னாங்க, அது வரைக்கும் பேசவே இல்ல. ஒரு துரத்தல் அத்தியாயம் இருக்கு, போலீஸு, ஹெலிகாப்டரு, சினிமா மாதிரி, அதுல ஓடிக்கிட்டே இருக்கறவன் நடுவுல 'நான்'ங்கறத விட்டுட்டு தன்னையே 'அவன்'னு சொல்ல ஆரம்பிக்கறான். "இங்கிலீஷ்ல ஒரு சின்ன வார்த்தை மாறுது, தமிழ்ல எழுதிருந்தா ஒவ்வொரு வினைமுற்றுலயும் காட்டிக் குடுத்துடும்பா, ஓடறேன் ஓடறேன் ஓடறான் ஓடறான்னு. ஏன்ல இருந்து ஆன்ல விழுந்துட்டான்"னாங்க. ஆறாங்கிளாஸ் இலக்கணம். நாங்க ரெண்டு பேரும் அரை மணி நேரமா போட்ட ஆதாரத்த எல்லாம் அந்த ஒரு எழுத்து தூக்கி சாப்ட்டிருச்சு. அப்புறம் அவங்களே, "நம்ம பாஷையில 'ஆம்'னு ஒண்ணு இருக்கே, கொன்னானாம், வெட்டினானாம், அத போட்டுட்டா எனக்கு தெரியாதுப்பா யாரோ சொன்னாங்கன்னு கைய கழுவிக்கலாம். இவன் 'ஆம்' போடவே மாட்டேங்கறான், படிக்கறவங்கதான் போட்டுக்கிட்டு தப்பிக்கறாங்க"ன்னு தம்பிய பாத்தாங்க. தம்பி போன கவுத்து வெச்சுட்டான்.

சண்டை இதுக்கு அப்புறம்தான். காரணம் நானு.

மிருகக்காட்சி சாலையில ஒரு சீன் வருது. ஒரு சின்னப் பையன். அத இங்க விவரமா எழுத எனக்கு இஷ்டம் இல்ல. குத்திட்டு, கூட்டம் கூடினதும் இவனே ஓடிப் போய் நான் டாக்டர்னு சொல்லி முட்டி போட்டு உக்கார்றான், அம்மாகாரி உட்பட எல்லாரும் நம்பறாங்க. நான் இத எடுத்து, இதான் சார் அங்கதத்தோட, அதாவது கிண்டல் பண்ணி குத்திக் காட்டறதோட உச்சம், பொய்யா டாக்டர்னா ஊரே நம்புது, கிளப்புல ஒரு பொண்ணுகிட்ட என் தொழில் கொலையும் தூக்குதண்டனையும்னு சொன்னா அவ அத கம்பெனி இணைப்பு, கம்பெனி வாங்கல்னு காதுல வாங்கிக்கறா, இங்கிலீஷ்ல மர்டர்ஸ் அண்ட் எக்ஸிக்யூஷன்ஸ், மெர்ஜர்ஸ் அண்ட் அக்விசிஷன்ஸ், ரெண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும், உண்மைய சொன்னா காது கேக்காது பொய்ய சொன்னா கேக்குது, செம இல்லன்னு ரொம்ப உற்சாகமா சொல்லிட்டு இருந்தேன். டீச்சரக்கா "நான் அதுல மூடிட்டேன், அப்புறம் அத தாண்டித்தான் மிச்சத்த படிச்சேன்"னாங்க. நான் அப்ப சொல்லியிருக்கக் கூடாத ஒண்ண சொன்னேன். "அக்கா நீங்க அத அங்கதமா படிக்கணும்"னேன்.

"எனக்கு புரியலன்னு நெனைக்கறியா?"

யோகா கோஷ்டி கரெக்டா அந்த நேரம் பாத்து சிரிச்சுது.

"புரிஞ்சுது தம்பி. டாக்டர்னதும் நம்பறது, கோட்டு சூட்டு, எல்லாம் புரிஞ்சுது. முதல் தடவையே புரிஞ்சுது. புரிஞ்சதுக்கு அப்புறமும் அது ஒரு கொழந்தைதான. என் கிளாஸ்ல 42 இருக்கு."

பேங்க் சார் சமாதானம் பண்றதா நெனச்சுக்கிட்டு, 2016ல மாதொருபாகன் நாவல் எழுதின பெருமாள்முருகன் வழக்குல நம்ம சென்னை ஹைகோர்ட்டே சொல்லிருக்கும்மா, பிடிக்கலன்னா புத்தகத்த தூக்கிப் போடுன்னு ஒரு வரி போட்டாரு. அக்கா திரும்பி, "நான் தடை பண்ண சொன்னேனா சார்? எழுதக் கூடாதுன்னு சொன்னேனா? மாதொருபாகன் பிரச்சனையில நானும் அவரு பக்கம்தான். வலிச்சுதுன்னு சொன்னா அதுக்கு ஏன் கோர்ட்ட கூப்பிடறீங்க"ன்னாங்க. அப்பதான் சார் எழுந்து ரவுண்டு போனது.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறமும் இது ஓடிக்கிட்டே இருந்துச்சு. இந்த நாவலோட சரித்திரமே இதான். 1990ல புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே டைம், ஸ்பை ரெண்டு பத்திரிகையிலயும் கொடூரமான துண்டுகள் வந்துடுச்சு, பெண்கள் அமைப்புகள் கொதிச்சாங்க, போடறதா இருந்த பதிப்பகம் சைமன் அண்ட் ஷுஸ்டர் நவம்பர்ல, வெளியிட கொஞ்ச நாள் இருக்கும்போது, கைவிட்டாங்க, வின்டேஜ்னு இன்னொரு பதிப்பகம் எடுத்து 1991 மார்ச்ல பேப்பர்பேக்கா போட்டாங்க. ஆஸ்திரேலியாவுல 18 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும்னு பிளாஸ்டிக் கவர்ல சீல் பண்ணி விக்கணும்னு வெச்சாங்க. ஆதரிச்சவங்க அன்னிக்கு சொன்னது, துண்ட மட்டும் படிச்சிட்டு பேசாதீங்க, முழுசா படிங்க. நானும் இத நம்பினவன். முழுசா படிச்சா அந்த சோப்பு, சூட்டு, பாட்டு விமர்சனம் எல்லாம் சேர்ந்து ஒரு மரத்துப்போன குரல் காதுல விழுது, புத்தகத்துல மூணுல ஒரு பங்கு ஓடினதுக்கு அப்புறம்தான் கண்ணு முன்னாடி முதல் கத்தியே வெளிய வருது, துண்டுல இது எதுவும் கிடையாதுங்கறது நெசம்தான். ஆனா முழுசா படிச்சவங்க எல்லாருக்கும் வலிக்காதுன்னு யாரு சொன்னா? டீச்சரக்கா முக்கால்வாசிக்கு மேல படிச்சாங்க. என்ன விட கவனமா படிச்சாங்க, அந்த ஏன் ஆன் எனக்கு தோணல.

2000ல படம் வந்தப்ப இயக்கினது மேரி ஹேரன், ஒரு பெண், சேர்ந்து திரைக்கதை எழுதின கினவியர் டர்னரும் பெண். அவங்க ஆம்பளைங்களோட வெட்டி ஜம்பத்த எடுத்து முன்னாடி வெச்சு வெட்டு குத்த நெறைய ப்ரேமுக்கு வெளிய தள்ளிட்டாங்க. அத வெச்சு பாத்தியா பெண்களே எடுத்துருக்காங்கன்னு நான் அக்காகிட்ட போன்ல சொன்னேன் (ஆமா, திரும்பவும் வாய் கொடுத்தேன்). "அவங்களும் எங்க கேமராவ திருப்பணும்னு முடிவு பண்ணிருக்காங்கள்ல, நானும் அததான் பண்ணேன்"னாங்க.

எங்கம்மா இத எல்லாம் ஹால்ல இருந்து கேட்டுட்டு, இது சிகப்பு ரோஜாக்கள் தானடாங்கறாங்க. 1978, பாரதிராஜா, கமல் பெரிய கம்பெனி முதலாளி, நல்ல கோட்டு, நல்ல காரு, பெண்கள கொல்றவன். அம்மா சொன்னது நல்ல பாயின்ட்டுன்னு அப்புறம் தோணுச்சு, ஏன்னா அதுல கமலுக்கு ஒரு சின்ன வயசு பிளாஷ்பேக் உண்டு, இதனால இப்படி ஆனான்னு நமக்கு ஒரு கணக்கு முடிச்சுக் குடுப்பாங்க, நாம நிம்மதியா தியேட்டர விட்டு வரலாம். எல்லிஸ் அத குடுக்க மாட்டேங்கறாரு. பேட்மேனுக்கு பிளாஷ்பேக்கே கிடையாது. ஏன் செஞ்சான்னு சொல்லல, செஞ்சானான்னும் சொல்லல, 'இது வெளிய போற வழி இல்ல'ங்கற ஒரு போர்டோட நாவல முடிச்சுட்டாரு. அதனாலதான் தம்பி மாதிரி ஆளுங்க செய்யவே இல்லன்னு ஒரு கதவு போட்டுக்கறாங்க, என்ன மாதிரி ஆளுங்க அங்கதம்னு ஒரு கதவு. கிளெய்ம் பாக்கற வேலையில எனக்கு இது பழக்கம் வேற, சம்பவம் நடந்துச்சா இல்லையான்னு ஒரு டிக் போட்டா பைல் மூடிடும். இந்த பைல் மூடல. அவன் கொன்னானோ இல்லையோ, அந்த பக்கத்த நான் படிச்சது நடந்துடுச்சு, படிச்சிட்டு செமன்னு சொன்னதும் ஏழு பேரு முன்னாடி நடந்துடுச்சு.

எனக்கு இப்பவும் இது பெரிய நாவல்தான், அதுல மாத்தம் இல்ல. ஆனா பெண்களுக்கு நடக்கறத எழுதற இடங்கள்ல எல்லிஸ் தேவைக்கு மேல ரெண்டு மூணு தடவ போயிட்டாருன்னு இப்ப தோணுது, சோப்பு லிஸ்ட் நீண்டா போர் அடிக்குது, அது வேணும்னே பண்ணது, இது நீண்டாலும் அதே போர் அடிக்கணும்னு நெனச்சிருப்பாரு போல, எனக்கு அடிக்கல, ரெண்டு நாள் ராத்திரி சாப்பாடு இறங்கல.

நேத்து டீச்சரக்கா புத்தகத்த திருப்பிக் குடுத்தாங்க. தினத்தந்தி பேப்பர்ல அட்டை போட்டு, ஸ்கூல் நோட்டுக்கு போடற மாதிரி மூலைய மடிச்சு. நடுவுல தடிப்பா இருந்துச்சு, திருப்பிப் பாத்தா அந்த மிருகக்காட்சி சாலை பக்கங்கள மட்டும் சேர்த்து வெச்சு மேல ஒண்ணு, ஓரத்துல ரெண்டு, கீழ ஒண்ணு, ஸ்டேப்ளர் அடிச்சிருக்காங்க. கிழிக்கல. வீட்ல பொண்ணு எட்டாவது படிக்கறா, எங்கயாவது திறந்துடப் போறான்னு. "உன் புத்தகம், உனக்கு வேணும்னா பின்ன கழட்டிக்க"ன்னாங்க. அதுக்கு முன்னாடி பக்கம் வரைக்கும் பென்சில்ல மார்ஜின்ல குட்டி குட்டியா எழுதி வேற வெச்சிருக்காங்க, பழைய ஆளு விட்ட இடத்துல இருந்து.

தம்பி இதுவரைக்கும் போன்லதான் படிச்சான், இப்ப அக்கா எழுதினத படிக்கறதுக்காக புத்தகம் வேணும்னு கேக்கறான். அடுத்த ஞாயிறு கொண்டு போறேன். பின்னோடதான்.